வெட்டுப்பட்ட காட்சிகள்: 'மெட்ரோபோலிஸ்' படத்தை வைத்து ஓர் அறிமுகம்

1927இல் வந்த ஜெர்மன் மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' படத்தைப் பழைய பிரதி எதிலாவது பார்த்தவர்களுக்கு அதில் ஓர் ஆள் கடைசிவரை புரிந்திருக்க மாட்டான். கறுப்பு உடையும் தொப்பியும் போட்ட, நெடுநெடுவென்று ஒல்லியான மனிதன். மாநகரத்தின் அதிபர் அவனைக் கூப்பிட்டுத் தன் மகனைப் பின்தொடரச் சொல்கிறார். சரி, இவன் ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அப்புறம் அவன் வந்து போவதோடு சரி. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஒல்லியன்' என்றுதான் படத்தில் அவனைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்றுமே செய்யாத ஓர் ஆளுக்கு ஃப்ரிட்ஸ் ராஸ்ப் மாதிரி ஒரு நடிகரை எதற்குப் போட்டார்கள்?

அவன் நிறையவே செய்தான். அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். வெட்டியது 1927இல். அவன் என்ன செய்தான் என்பதை உலகம் மறுபடி பார்த்தது 2010இல்.

'டெலீட்டட் சீன்' என்று இன்றைக்குச் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். டிவிடியின் ஓரத்தில், யூடியூபில், படத்துக்கு இலவச இணைப்பு போலக் கிடைக்கிற துண்டுகள். ஆனால் அந்த ஒரே பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வெட்டுப்பட்ட காட்சி ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். வெட்டியது யார்? எப்போது வெட்டினார், படம் வெளியாவதற்கு முன்பா பின்பா? வெட்டிய துண்டு அதன் பிறகு எங்கே போனது? அறிவியல் புனைகதைப் படங்களில் இந்த மூன்றுக்கும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. சுலபமானதில் இருந்து தொடங்கலாம்.

படத்தை எடுத்தவர்களே, படம் வெளியாகும் முன்பே, எடிட்டிங் அறையில் தூக்கிவிடுகிற காட்சிகள் முதல் வகை. பெரும்பாலான டெலீட்டட் சீன்கள் இதில்தான் சேரும். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நாயகன் லூக்கின் பால்ய நண்பன் பிக்ஸ். படத்தின் தொடக்கத்திலேயே, வானத்தில் இரண்டு கப்பல்கள் சண்டை போடுவதை லூக் தரையில் இருந்து பார்ப்பதாகவும், ஓடிப்போய் நண்பர்களிடம் சொல்வதாகவும், அங்கே ஊருக்கு வந்திருக்கும் பிக்ஸ் தான் புரட்சிப் படையில் சேரப்போவதாக ரகசியமாகச் சொல்வதாகவும் காட்சிகள் இருந்தன. துனீசியாவில் போய் எடுத்தார்கள். ஜார்ஜ் லூகாஸ் எடிட்டிங்கில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். வெளியான படத்தில் இரண்டு ரோபோக்கள் பாலைவனத்தில் வந்து விழுந்து, அலைந்து, பிடிபட்டு, விலைபேசப்படும் வரைக்கும் நாயகன் யாரென்றே நமக்குத் தெரியாது. ரோபோக்களோடு சேர்ந்து நாமும் அந்தக் கிரகத்துக்குப் புதிதாகப் போய் இறங்குகிறோம். அந்த வெட்டு சரியான வெட்டு என்றுதான் நான் சொல்வேன்.

ஆனாலும் வெட்டியதன் தழும்பு இருக்கிறது. கடைசிச் சண்டையில் பிக்ஸ் என்று ஒருவன் சாகிறான். லூக் துடித்துப்போகிறான். நமக்கு அவ்வளவாக ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அவனோடு நமக்குப் பழக்கமே இல்லை. வெட்டுப்பட்ட காட்சிகளைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான்: காரணம் இல்லாமல் வருகிற ஒரு துக்கம், அறிமுகம் இல்லாத ஒரு பெயர், ஓர் ஆள் திடீரென்று வேறு இடத்தில் இருப்பது.

இன்னொரு தடயம் படத்துக்கு வெளியே கிடைக்கும். அந்தக் காலத்தில் படம் வெளியாகும் முன்பே கதையை நாவலாகவும் காமிக்ஸாகவும் போட்டுவிடுவார்கள். அவற்றை எழுதுகிறவர்கள் கையில் இருப்பது திரைக்கதைதான், முடிந்த படம் இல்லை. அதனால் எடிட்டர் தூக்கி எறிந்தது அச்சில் தங்கிவிடும். 'ஸ்டார் வார்ஸ்' நாவலிலும் மார்வெல் காமிக்ஸிலும் பிக்ஸ் பத்திரமாக இருக்கிறான்.

இந்த முதல் வகையில் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெட்டிய காட்சியைத் திரும்பச் சேர்த்த பதிப்புதான் 'உண்மையான' படம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தில், கப்பலின் அடித்தளத்தில் கேப்டன் டாலஸ் கூட்டுப்புழு மாதிரி சுவரோடு பிணைக்கப்பட்டு, தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிற காட்சி உண்டு. கிளைமாக்ஸின் வேகம் கெடுகிறது என்று ஸ்காட்டே அதை எடுத்துவிட்டார். 2003இல் 'டைரக்டர்ஸ் கட்' என்ற பெயரில் வந்த பதிப்பில் அந்தக் காட்சி திரும்ப வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிப்பு 1979 படத்தைவிடச் சற்றே நீளம் குறைவு, ஏனென்றால் வேறு இடங்களில் கத்தரி போட்டிருந்தார். அவரைக் கேட்டால் பழையதே தனக்குப் பிடித்தது என்பார். புதிய பதிப்புக்கு அந்தப் பெயர் வைத்தது வியாபாரம்.

இரண்டாவது வகை, படம் மக்கள் முன்னால் ஓடிய பிறகு இயக்குநரே மனம் மாறி வெட்டுவது. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968 ஏப்ரல் தொடக்கத்தில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் திரையிடப்பட்டது. பலர் பொறுமை இழந்தார்கள், பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. சில நாள்களுக்குள் குப்ரிக் சுமார் 19 நிமிடங்களைக் கழித்தார். விண்கலத்துக்குள் ஓட்டப்பயிற்சி, கலத்தை விட்டு வெளியே போவதற்கான ஆயத்தங்கள் என்று பெரும்பாலும் நீண்டுகொண்டே போன இடங்கள். முழுக் காட்சி என்று சொல்லத்தக்கது அதில் குறைவு. எனவே அந்த முதல் சில நாள் பார்வையாளர்கள் மட்டும் பார்த்த ஒரு '2001' உண்டு. வெட்டிய துண்டுகளில் பெரும்பகுதி கன்சாஸில் ஒரு பழைய உப்புச் சுரங்கத்தில் இருக்கும் ஃபிலிம் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது என்று 2010இல் செய்தி வந்தது. இருந்தும் அவற்றைச் சேர்த்து யாரும் படத்தை வெளியிடவில்லை. வெட்டியவர் இயக்குநர், வெட்டு அவர் விருப்பம் என்பதால் அதை மதிக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் வில்லங்கமானது. எடுத்தவர் ஒருவர், வெட்டியவர் இன்னொருவர். 'மெட்ரோபோலிஸ்' அதற்குப் பாடப்புத்தகம் மாதிரி.

ஃப்ரிட்ஸ் லாங் இயக்கம், அவர் மனைவி தேயா ஃபொன் ஹார்பௌ கதை, திரைக்கதை. ஜெர்மனியின் மிகப் பெரிய பட நிறுவனமான உஃபா தயாரிப்பு. 1925 மே மாதம் தொடங்கிய படப்பிடிப்பு 1926 அக்டோபர் வரை நீண்டது. பட்ஜெட் எங்கேயோ போய், செலவு 50 லட்சம் மார்க்கைத் தாண்டியது. உஃபாவோ ஏற்கெனவே கடனில் இருந்தது. 1925 கடைசியில் அமெரிக்காவின் பாராமவுண்ட், எம்ஜிஎம் நிறுவனங்களிடம் 40 லட்சம் டாலர் கடன் வாங்கி, பதிலுக்கு வினியோகத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தது. இந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி யார் கைக்குப் போனது என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

1927 ஜனவரி 10, பெர்லினில் முதல் காட்சி. படத்தின் நீளம் 4,189 மீட்டர்.

மௌனப் படங்களைப் பற்றிப் படிக்கும்போது நீளத்தை ஏன் மீட்டரில் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதற்குக் காரணம் உண்டு. பேசும் படம் வந்த பிறகுதான் ஒரு விநாடிக்கு 24 பிரேம் என்பது நிலைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு தியேட்டரும் தன் வசதிக்கு ஒரு வேகத்தில் ஓட்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52 பிரேம்கள். 4,189 மீட்டரை விநாடிக்கு 24 பிரேம் வீதம் ஓட்டினால் சுமார் 153 நிமிடம் வரும். அதையே 20 பிரேம் வீதம் ஓட்டினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். படம் ஒன்றுதான், நிமிடக் கணக்கு மட்டும் மாறுகிறது. அதனால் ஒரு மௌனப் படத்தில் எதையாவது வெட்டினார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க நிமிடத்தை நம்ப முடியாது. மீட்டர்தான் சாட்சி.

அந்த 4,189 மீட்டர் படம் பெர்லினில் ஒரே ஒரு தியேட்டரில் சில மாதங்கள் ஓடியது. கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதற்குள் அமெரிக்காவில் பாராமவுண்ட், சானிங் போலாக் என்ற நாடக ஆசிரியரிடம் படத்தைக் கொடுத்து அமெரிக்க ரசிகர்களுக்குத் தகுந்தபடி மாற்றச் சொன்னது. குறியீடுகள் தறிகெட்டு ஓடுகின்றன, பார்ப்பவர்களுக்குக் கதை என்னவென்றே விளங்கவில்லை என்பது அவர் கட்சி. அவர் வெட்டியதோடு விடவில்லை. வசனங்கள் எழுதிய டைட்டில் கார்டுகளையும் புதிதாக எழுதினார். மௌனப் படத்தில் இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று யோசித்துப் பாருங்கள். நடிகரின் வாய் அசைகிறது, அவர் என்ன பேசினார் என்பதைக் கார்டு எழுதுகிறவர் முடிவு செய்கிறார். காட்சியை வெட்டாமலே கதையை மாற்றிவிடலாம். 1927 ஆகஸ்டில் ஜெர்மனியிலேயே உஃபா மறுபடி வெளியிட்ட பதிப்பும் ஏறக்குறைய அமெரிக்க வெட்டின் வழியில்தான் வந்தது. அதன் நீளம் 3,241 மீட்டர். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

என்ன போனது என்பதற்கு வருவோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே பணக்காரர்களின் வானளாவிய நகரம், கீழே பூமிக்கடியில் எந்திரங்களை ஓட்டும் தொழிலாளர்களின் நகரம். மேல் நகரத்தின் அதிபர் யோ ஃப்ரெடர்சன். அவர் மகன் ஃப்ரெடர், தொழிலாளர்கள் மதிக்கும் மரியா என்ற பெண்ணைப் பார்த்து மனம் மாறிக் கீழே இறங்குகிறான். ரோட்வாங் என்ற விஞ்ஞானி உலோகத்தில் ஒரு பெண் ரோபோவைச் செய்து வைத்திருக்கிறான். அதற்கு மரியாவின் முகத்தைக் கொடுத்து, தொழிலாளர்களைக் குழப்ப அனுப்புகிறார்கள். சினிமாவில் ரோபோ என்றாலே பலருக்கு நினைவில் எழுகிற முதல் உருவம் அதுதான்.

இப்போது ஒரு கேள்வி. ரோட்வாங் அந்த ரோபோவை எதற்குச் செய்தான்? அதுவும் ஏன் பெண்ணாக?

லாங்கின் படத்தில் பதில் இருந்தது. ஹெல் என்று ஒரு பெண். ரோட்வாங் அவளைக் காதலித்தான். அவள் ஃப்ரெடர்சனை மணந்தாள், ஃப்ரெடரைப் பெற்றுப்போட்டு இறந்தாள். ரோட்வாங்கின் வீட்டுக்குள், திரைக்குப் பின்னால், அவளுக்கு ஒரு பிரமாண்டமான கல் சிலை, தலை மட்டும். ஃப்ரெடர்சன் அந்த வீட்டுக்கு வருகிறான், திரையை விலக்கிச் சிலையின் முன் நிற்கிறான், பின்னாலிருந்து ரோட்வாங் பாய்ந்து வந்து கத்துகிறான். இருவருக்கும் இடையில் இறந்துபோன ஒருத்தி. ரோட்வாங் செய்து வைத்திருக்கும் ரோபோ, அவளைத் திரும்பக் கொண்டுவருவதற்கானது. அவன் ஃப்ரெடர்சனுக்கு உதவுவதுபோல நடித்து அவனை அழிக்கப் பார்ப்பதும், மகன் ஃப்ரெடரைக் குறிவைப்பதும் அந்தப் பழைய வன்மத்தால்.

ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே அவள் பெயர் ஒலிக்கிறது, அமெரிக்க தியேட்டரில் சிரிப்பார்கள் என்று போலாக் ஹெல்லையே படத்தில் இருந்து எடுத்துவிட்டார். சிலை போனது, காதல் போனது, வன்மம் போனது. மிஞ்சியது, தொழிலாளிக்குப் பதிலாக வேலை செய்ய எந்திரம் கண்டுபிடிக்கும் ஒரு கிறுக்கு விஞ்ஞானி. படத்தில் தலைவிரி கோலமாகக் கண்களை உருட்டும் ரோட்வாங்கைப் பார்த்துப் பல தலைமுறை ரசிகர்கள் "மிகை நடிப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள். நடிகர் ருடால்ஃப் க்ளைன்-ரோக மேல் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. அவர் நடித்தது மனைவியாக வர வேண்டியவளை இழந்த ஒருவனை. நாம் பார்த்தது அந்த இழப்பு வெட்டப்பட்ட ஒருவனை.

அடுத்து, ஃப்ரெடரின் கூட்டாளிகள். கீழே எந்திரத்தோடு மல்லாடிச் சோர்ந்து விழும் ஒரு தொழிலாளியை ஃப்ரெடர் பார்க்கிறான். அவனுக்கு எண் 11811, பெயர் கியோர்கி. இருவரும் உடை மாற்றிக்கொள்கிறார்கள். ஃப்ரெடர் அவன் இடத்தில் நின்று வேலை செய்ய, கியோர்கி பணக்காரன் உடையில் மேலே போய் யோசஃபாட் என்பவன் வீட்டில் காத்திருக்க வேண்டும். யோசஃபாட், ஃப்ரெடர்சனிடம் வேலை போய்ச் சாகத் துணிந்தவன், ஃப்ரெடர் காப்பாற்றித் தன்னோடு சேர்த்துக்கொண்டவன். பழைய பிரதிகளில் கியோர்கி காரில் ஏறியதும் கதை அவனை மறந்துவிடும். முழுப் படத்தில், அவன் கோட் பாக்கெட்டில் கை விட்டால் கட்டுக் கட்டாகப் பணம். பக்கத்துக் காரில் ஒரு பெண்ணின் முகம். ஜன்னல் வழியாகத் துண்டுப் பிரசுரங்கள் மழையாகக் கொட்டுகின்றன, யோஷிவாரா என்ற கேளிக்கை விடுதியின் விளம்பரம். வாழ்நாளில் சூரியனைச் சரியாகப் பார்த்திராத ஒருவன். கார் திரும்புகிறது, யோசஃபாட் வீட்டுக்கு அல்ல, யோஷிவாராவுக்கு.

மறுநாள் அங்கிருந்து அவன் வெளியே வரும்போது பிடிப்பது யார்? நம் ஒல்லியன். கியோர்கியிடம் இருந்து முகவரி அவன் கைக்குப் போகிறது. அங்கிருந்து நேரே யோசஃபாட் வீட்டுக்குப் போய், முதலில் பணம் காட்டிப் பேரம் பேசுகிறான், மசியவில்லை என்றதும் மிரட்டுகிறான். ஆக அவன் ஒரு கைதேர்ந்த ஒற்றன். காய்ச்சலில் கிடக்கும் ஃப்ரெடரின் கனவில்கூட அவன் முகத்தோடு ஒரு துறவி வந்து உலக முடிவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறான். கியோர்கி? அவன் கடைசியில் ஃப்ரெடர் மேல் பாய வந்த கத்தியைத் தான் வாங்கிக்கொண்டு சாகிறான். முதலாளி மகன் கொடுத்த நம்பிக்கையை ஓர் இரவு கெடுத்துக்கொண்டவன் அதைத் திருப்பிச் செலுத்துகிற இடம் அது. முன்பாதி இல்லாமல் பின்பாதியை மட்டும் பார்த்தால் யாரோ ஒருவன் குறுக்கே விழுந்து செத்த மாதிரிதான் இருக்கும்.

போலாக் ஒவ்வொரு காட்சியாகக் கேட்டுக்கொண்ட கேள்வி 'இது இல்லாவிட்டால் கதை நகருமா?' என்பதாக இருந்திருக்க வேண்டும். நகரும்தான். ஆனால் யார் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்பது போய்விடும். இயக்குநர் வெட்டுவதற்கும் வினியோகஸ்தர் வெட்டுவதற்கும் பெரும்பாலும் வித்தியாசம் இங்கேதான். லூகாஸ் பிக்ஸை எடுத்தபோது லூக்கின் ஏக்கத்தை வேறு இடத்தில் காப்பாற்றி வைத்தார். வினியோகஸ்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஷோ ஓட்டலாம் என்பதுதான் கணக்கு.

சரி, வெட்டிய துண்டுகள் எங்கே போயின? அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டில் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், சேமித்து வைத்தாலும் நாளடைவில் உருகிப் பொடியாகும். அதோடு அதில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த பிரிண்ட்டை வைத்திருப்பதைவிட உருக்கி வெள்ளி எடுப்பதில் காசு பார்க்கலாம். பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்கு யாரும் காசு தரத் தயாராக இல்லை. வெட்டிய துண்டை டிவிடியில் போடலாம் என்று யாரும் கனவுகூடக் காணாத காலம் அது.

ஆனால் காட்சி போனாலும் காகிதம் தங்கியது. கோட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸ் படத்துக்கு எழுதிய இசைக் குறிப்புகள் கிடைத்தன. அரங்கில் வாசிக்கும் இசைக்குழுவுக்குத் திரையில் என்ன நடக்கும்போது எந்த இடத்தை வாசிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் காட்சிக் குறிப்பு எழுதியிருந்தது. ஜெர்மன் தணிக்கைத் துறையின் அட்டையில் எல்லா டைட்டில் கார்டு வாசகங்களும் வரிசையாக இருந்தன. படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்கள் இருந்தன. எனோ படாலாஸ் என்ற மியூனிக் ஆவணக் காப்பாளர் இவற்றை வைத்து, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த பிரிண்ட்டுகளில் இருந்து படத்தை 1980களில் முடிந்தவரை அடுக்கினார். 2001இல் இன்னும் சுத்தமான ஒரு மீட்பு வந்தது. அதில் இல்லாத காட்சிகளுக்கு, இங்கே இன்னது நடந்தது என்று எழுத்தில் போட்டார்கள். ஹெல் யார் என்று ரசிகர்கள் படித்துத் தெரிந்துகொண்டார்கள். பார்க்க முடியவில்லை.

மீட்பில் ஒரு கூடுதல் சிக்கல். அன்று நெகட்டிவில் இருந்து நல்ல தரத்தில் இன்னொரு நெகட்டிவ் எடுக்க வழி இல்லை. எனவே உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு இரண்டு என்று தனித்தனி நெகட்டிவ்களைப் படப்பிடிப்பிலேயே தயாரித்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் கேமராக்களை வைத்தோ, வேறு டேக்குகளைப் பயன்படுத்தியோ. அதனால் லண்டன் பிரிண்ட்டில் இருக்கும் ஷாட்டும் பெர்லின் பிரிண்ட்டில் இருக்கும் ஷாட்டும் ஒரே காட்சிதான், ஆனாலும் ஒரே படம் இல்லை. ஒட்டுப்போடுவது எவ்வளவு தலைவலி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில், யாரும் வெட்டாத ஒரு பிரிண்ட் பெர்லினில் இருந்து கப்பலேறிப் போயிருந்தது. அர்ஜென்டினா வினியோகஸ்தர் அடோல்ஃபோ வில்சன், கத்தரி விழுவதற்கு முன்பே முழுப் படத்தை வாங்கி 1928இல் புவனஸ் அயர்சில் ஓட்டினார். ஓடி முடிந்த பிரிண்ட் மானுவேல் பேனியா ரோட்ரிகெஸ் என்ற திரை விமர்சகரிடம் போனது. அங்கிருந்து அரசின் கலை நிதியத்துக்கு. நைட்ரேட் ஆபத்து என்பதால் ஒரு கட்டத்தில் அதை 16 மில்லிமீட்டரில் நகல் எடுத்துக்கொண்டார்கள், மூலப் பிரிண்ட் போய்விட்டது. நகல் 1992இல் புவனஸ் அயர்ஸ் நகரத்தின் திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. டப்பாவின் மேல் 'மெட்ரோபோலிஸ்' என்று இருந்தது. உலகத்தில் எல்லா ஆவணக் காப்பகத்திலும் ஒரு 'மெட்ரோபோலிஸ்' இருக்கும், இதிலும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

கண்டுபிடிப்புக்குக் காரணமானது ஒரு விரல். ஃபெர்னாண்டோ மார்ட்டின் பேனியா என்ற திரைப்பட ஆய்வாளரிடம், ஊரின் பழைய ஃபிலிம் கிளப்காரர் சால்வதோர் சம்மாரித்தானோ ஒருமுறை பழங்கதை சொல்லியிருக்கிறார். எப்போதோ 'மெட்ரோபோலிஸ்' ஓட்டியபோது, பிரிண்ட் சுருங்கிப்போய்ப் புரொஜெக்டரில் குதித்துக்கொண்டே இருந்ததாம். படம் ஆடாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் ஃபிலிமை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றதாக அலுத்துக்கொண்டார். கேட்ட பேனியாவுக்குப் பொறி தட்டியது. அப்போது உலகில் புழங்கிய 'மெட்ரோபோலிஸ்' எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே!

அந்தப் பிரிண்ட்டைப் பார்க்க அவர் வருடக்கணக்கில் முயன்றும் நடக்கவில்லை. 2008இல் பவுலா ஃபெலிக்ஸ் டிடியர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்த பிறகு இருவரும் டப்பாக்களைத் திறந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒல்லியன் வந்தான், கியோர்கி யோஷிவாராவுக்குப் போனான், ஹெல்லின் சிலை நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் செய்தி வெளியானது.

கிடைத்ததன் நிலைமை மோசம். ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்ட்டில் விழுந்த கீறல்கள் எல்லாம் 16 மில்லிமீட்டர் நகலில் படமாகவே பதிந்துவிட்டன. தூசியைத் துடைக்கலாம், தூசியின் போட்டோவைத் துடைக்க முடியாது. அதோடு நகல் எடுத்தபோது பிரேமின் ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. மௌனப் படத்தில் ஒலித் தடம் கிடையாது என்பதால் பிரேம் முழுக்கப் படம் இருக்கும். பேசும் படத்துக்கான அளவில் நகல் எடுத்தால் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஜெர்மனியின் முர்நாவ் அறக்கட்டளை கணினியின் துணையோடு முடிந்ததைச் சரிசெய்து, ஹுப்பெர்ட்ஸின் இசைக் குறிப்பை வைத்து ஒவ்வொரு துண்டும் எங்கே உட்கார வேண்டும் என்று பொருத்தியது. 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் அதே இசையோடு படம் ஓடியது. சுமார் 25 நிமிடங்கள் கூடுதலாக.

மீட்டவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. கிடைத்த காட்சிகளை மற்றதோடு கலந்து மறைக்கவில்லை. படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று மழை பெய்வதுபோலக் கோடுகள் விழும், பிம்பம் சிறிதாகி ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரியும். அது அர்ஜென்டினாவில் இருந்து வந்த துண்டு. முதல்முறை பார்ப்பவருக்குக் கண்ணை உறுத்தும். ஆனால் 1927இல் கத்தரி எங்கே விழுந்தது என்பதை ஷாட் ஷாட்டாகக் காட்டும் வரைபடம் வேறு எந்தப் படத்துக்கும் இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு முழுக் காட்சி போன இடமும் உண்டு, இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு முகம் மட்டும் போன இடமும் உண்டு. மீண்டு வந்தது எல்லாமே முத்து என்று சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் இருந்து குழந்தைகளைக் காப்பாற்றும் பகுதி இப்போது நன்றாகவே நீள்கிறது.

இன்னும் இரண்டு இடங்கள் திரும்பவில்லை. தேவாலயத்தில் ஒரு துறவி செய்யும் பிரசங்கம் ஒன்று. ஃப்ரெடர்சனும் ரோட்வாங்கும் கைகலக்கும் காட்சி மற்றொன்று. அர்ஜென்டினா பிரிண்ட்டிலும் அவை கிடைக்கவில்லை. இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. ரோட்வாங் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் மரியா எப்படித் தப்பினாள் என்பதற்கு அந்தச் சண்டைதான் காரணம். இப்போது அந்த இடத்தில் ஒரு கார்டு வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகும்.

இணையத்தில் தேடினால் 'மெட்ரோபோலிஸ்' அரை டஜன் நீளங்களில் கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக, வண்ணம் ஏற்றி, ஃப்ரெடி மெர்குரி பாட்டெல்லாம் வந்தால் அது 1984இல் இசையமைப்பாளர் ஜோர்ஜோ மொரோடர் போட்ட பதிப்பு. தனி ரகளை, ஆனால் முதல்முறை பார்க்க ஏற்றதல்ல. இரண்டு மணி நேரத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் 2001 மீட்பு. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஓடி, நடுநடுவே கீறல் மழை பெய்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஒல்லியனைக் கவனித்துக்கொண்டே பாருங்கள்.